ட்ரோக்கன் ரீஸ்லிங் மேசையில் முரண்டு பிடித்தால்

மைன்ஸ் நகரத்தில், ரைன் ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வைன்ஷ்டூபேயில் நான்கு வருடம் பரிமாறும் வேலை பார்த்தேன். மரப் பெஞ்சு, நெருக்கியடித்த மேசைகள், நாலைந்து பதார்த்தம், மீதியெல்லாம் ஒயின்: அதுதான் வைன்ஷ்டூபே. வாரத்தில் சில புட்டிகளாவது "இது சரியில்லை" என்று திரும்பி வரும். முதலாளியம்மா வாங்கி முகர்ந்து, ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். பெரும்பாலும் புட்டியில் ஒன்றும் இருக்காது. "அவங்க தட்டுல என்ன இருக்குன்னு போய்ப் பாரு" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்தப் பழக்கம்தான் இந்தக் குறிப்பு முழுக்க. ட்ரோக்கன் என்றால் இனிப்பில்லாத ஒயின். ஜெர்மனியின் ட்ரோக்கன் வெள்ளை ஒயின்களில், அதிலும் ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்ததில், மறைப்பதற்கு எதுவும் கிடையாது. புது மரப்பீப்பாய் மணம் அநேகமாக இருக்காது, சர்க்கரை கொஞ்சம்தான், ஆல்கஹாலும் மிதம். அதனால் சூடு, கிளாஸ், சாப்பாடு மூன்றில் எது கோணினாலும் பழி ஒயின் தலையில் விழும். எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் புட்டியைத் தொட்டுப் பாருங்கள், அடுத்து கிளாஸை முகருங்கள், அப்புறம் தட்டைப் பாருங்கள். புட்டியைச் சந்தேகிப்பது கடைசியில்.

"புளிக்குது, பல் கூசுது"

அடிக்கடி வருவது இதுதான். ரீஸ்லிங் பிறவியிலேயே புளிப்பு. லிட்டருக்கு 7, 8 கிராம் அமிலம் என்பது ட்ரோக்கன் புட்டியில் சாதாரணம். இனிப்பு ரீஸ்லிங்கிலும் இதே அளவு இருக்கும், ஆனால் அங்கே சர்க்கரை அதன்மேல் போர்வை போர்த்தியிருக்கும். ட்ரோக்கனில் போர்வை இல்லை. ஆகவே புளிப்பு தெரிவதில் தப்பில்லை. புளிப்பைத் தவிர வேறெதுவுமே தெரியவில்லை என்றால்தான் எங்கோ பிசகு.

புட்டி விரலைச் சில்லிட வைக்கிற அளவுக்குக் குளிர்ந்திருக்கிறதா? வீட்டு ஃபிரிட்ஜ் 5 முதல் 7 டிகிரியில் ஓடுகிறது. அந்தக் குளிரில் பழ மணம் அடங்கிவிடும், அமிலம் மட்டும் தனியாக நிற்கும். வெளியே எடுத்துக் கால் மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் கிளாஸின் வயிற்றை உள்ளங்கையில் ஏந்தி இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள், போதும்.

குளிர் சரியாக இருந்தும் புளிக்கிறதென்றால் தட்டில் இனிப்பு ஏதோ இருக்கிறது. இதை வாயால் விளக்குவதைவிட நீங்களே செய்து பார்ப்பது நல்லது. ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் வெண்ணெய், உப்பு, எலுமிச்சைத் துண்டு ஒன்று, ஒரு சொட்டுத் தேன் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒயினைத் தனியாக ஒரு வாய். அடுத்து தேனை விரலில் தொட்டு நக்கிவிட்டு ஒரு வாய்: முகம் தானாகச் சுளியும், காடி குடித்த மாதிரி இருக்கும். தண்ணீர் குடித்து வாயைக் கழுவிக்கொள்ளுங்கள். இப்போது வெண்ணெய் தடவி உப்புத் தூவிய ரொட்டியை மென்று விழுங்கிவிட்டுக் குடியுங்கள். சற்று முன் காடியாக இருந்ததில் ஆப்பிளும் பீச்சும் தெரியும். கடைசியாக எலுமிச்சையை நாக்கில் லேசாக வைத்துவிட்டுக் குடியுங்கள். ஒயினின் புளிப்பு பாதி குறைந்தாற்போல் தோன்றும். நான்கு முறையும் ஊற்றியது ஒரே புட்டிதான்.

இனிப்பு ஒயினின் புளிப்பைத் தூக்கிக் காட்டும். உப்பும் கொழுப்பும் அதை மழுக்கும். சாப்பாட்டின் புளிப்பு ஒயினைவிட ஒரு படி கூடினால் ஒயின் சாதுவாகிவிடும். இந்த மூன்றும் கைவசம் இருந்தால் இந்தக் குறிப்பில் பாதியை நீங்களே எழுதிவிடலாம்.

ஒருநாள் ஒரு பெரியவர் பன்றி இறைச்சி ஷ்னிட்ஸலும் நாஹே பகுதியின் ரீஸ்லிங் ஒன்றும் கேட்டார். பத்து நிமிடத்தில் கையைத் தூக்கினார்: "வினிகரை ஊற்றியிருக்கீங்க." தட்டைப் பார்த்தேன். எலுமிச்சைத் துண்டைத் தொடவே இல்லை, ஆனால் கிண்ணத்தில் வைத்திருந்த பிரைசல்பேரே என்ற சிவப்பு பெரிப்பழ ஜாம் காலி. ஒவ்வொரு துண்டையும் ஜாமில் முக்கிச் சாப்பிட்டிருக்கிறார். கிண்ணத்தை நகர்த்திவிட்டு எலுமிச்சையைப் பிழிந்து இன்னொரு துண்டு சாப்பிடச் சொன்னேன். குடித்துவிட்டு, புட்டியை மாற்றிவிட்டேனோ என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அப்புறம் ஜாமும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

வீட்டிலும் குற்றவாளிகள் இவர்களைப் போன்றவர்களே: சர்க்கரை போட்ட சாலட் டிரெஸ்ஸிங், கெட்சப், தேன் பூசி வாட்டிய கேரட், ஆப்பிள் போட்டு வேகவைத்த சிவப்பு முட்டைக்கோஸ். இவற்றைத் தவிர்க்க முடியாது என்றால் ட்ரோக்கனைத் தவிருங்கள், ஃபைன்ஹெர்பு வாங்குங்கள். அது என்ன என்பது கீழே வருகிறது.

தட்டும் குளிரும் சரி, ஆனாலும் புளிப்பு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் ஊரை மாற்றிப் பாருங்கள். மோசலின் கிளை ஆறான ஸார் பக்கத்து ட்ரோக்கன் கத்தி மாதிரி இருக்கும். ப்ஃபால்ஸ், ரைன்ஹெஸ்ஸன் பக்கத்தில் வெயில் கொஞ்சம் தாராளம், ஒயின் உருண்டு திரண்டு வரும். அதுவும் கூசினால் ரீஸ்லிங்கையே விட்டு வைஸ்புர்குண்டர் அல்லது கிரௌபுர்குண்டர் திராட்சை ஒயினுக்குப் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"வாசனையே இல்லையே, தண்ணி மாதிரி இருக்கு"

பாதி நேரம் இதற்கும் குளிர்தான் காரணம். கணக்கு எளிது: அன்றாடம் குடிக்கிற லேசான ட்ரோக்கன் 8 முதல் 10 டிகிரி, கனமான ஒற்றைத் தோட்டத்து ஒயின் 10 முதல் 12. விலை கூடக் கூடக் குளிரைக் குறைக்க வேண்டும். ஆனால் பலரும் விலையுயர்ந்த புட்டியைத்தான் பயபக்தியோடு இரவெல்லாம் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள்.

மீதிப் பாதிக்குக் காரணம் கிளாஸ். பச்சைத் தண்டும் வளையங்களும் கொண்ட ரோமர் கிளாஸ் பார்க்க அழகு. பாட்டி வீட்டு அலமாரியில் வைப்பதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. குடிப்பதற்கு வேண்டாம். வாய் அகலமாக இருப்பதால் மணமெல்லாம் கூரைக்குப் போய்விடும். மேலே குறுகி, துலிப் பூ மொட்டு மாதிரி இருக்கிற கிளாஸ் எதுவானாலும் சரி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். ஜெர்மன் விடுதிகளில் கிளாஸின் பக்கவாட்டில் 0.1 அல்லது 0.2 லிட்டர் என்று கோடு இருக்கும். அளவு குறையாமல் ஊற்றுகிறார்கள் என்று வாடிக்கையாளர் சரிபார்க்கத்தான் அந்தக் கோடு. சின்ன கிளாஸில் 0.2 கோடு விளிம்பை ஒட்டி நிற்கும், சுழற்ற இடமே இருக்காது. அந்த மாதிரி இடத்தில் 0.1 ஆகக் கேட்டு இரண்டு தடவை வாங்கிக்கொள்வது என் வழக்கம்.

காலிக் கிளாஸையும் முகர்ந்து பாருங்கள். அட்டைப்பெட்டியில் கவிழ்த்து வைத்திருந்த கிளாஸில் அட்டை மணக்கும், பழைய அலமாரியில் இருந்ததில் மரம் மணக்கும், அவசரமாக அலம்பியதில் சோப்பு. ரீஸ்லிங் மாதிரி மெல்லிய மணத்தை அழிக்க அது போதும். வெந்நீரில் அலசி, ஒரு சொட்டு ஒயினை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு அப்புறம் ஊற்றுங்கள்.

கிளாஸும் குளிரும் சரியாக இருந்து, புட்டி மட்டும் கனமான, சமீபத்திய வருடத்து 'குரோசஸ் கெவெக்ஸ்' என்றால், அது இன்னும் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம். வி.டி.பி. என்ற பண்ணையாளர் சங்கத்தின் உச்சப் படி ட்ரோக்கன் அது. அறுவடைக்கு அடுத்த வருடம் செப்டம்பர் 1 முதல்தான் வெள்ளை கெவெக்ஸ் கடைக்கு வரும். வந்த உடனே வாங்கித் திறந்தால் பலமுறை முரடாகத்தான் இருக்கும். அகலமான ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். வெள்ளை ஒயினை ஜாடியில் ஊற்றுவதா என்று யாராவது புருவம் தூக்கினால் தூக்கட்டும்.

"சப்புன்னு இருக்கு, சாராய நெடி அடிக்குது"

சூடாகிவிட்டது. 15 டிகிரிக்கு மேல் போனால் ட்ரோக்கன் தளர்ந்துவிடும். கோடைக்கால மேசையில் கிளாஸில் ஊற்றியது பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே சில டிகிரி ஏறும், அதனால் கொஞ்சம் கூடுதல் குளிரில் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதுதான் வழி.

வாளியில் ஐஸை மட்டும் நிரப்பிப் புட்டியைச் செருகுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஐஸ் கட்டிகளுக்கு இடையே இருப்பது காற்று, காற்றுக்குக் குளிரைக் கடத்தத் தெரியாது. பாதி ஐஸ், பாதி தண்ணீர், புட்டியின் கழுத்து வரை. அறையின் சூட்டில் இருந்த புட்டி கால் மணி, இருபது நிமிடத்தில் குடிக்கிற குளிருக்கு வந்துவிடும். ஃபிரிட்ஜில் இதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு பிடி உப்பைத் தண்ணீரில் போட்டால் இன்னும் வேகம். முதல் கிளாஸ் மட்டும் கழுத்துப் பகுதியிலிருந்து வருவதால் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கலாம், இடையில் புட்டியை ஒருமுறை மெல்லச் சாய்த்து நிமிர்த்துங்கள்.

ஃபிரீசரில் வைப்பவர்கள் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அரை மணிக்கு. மறந்தால் ஒயின் உறைந்து விரிந்து தக்கையைத் தள்ளிவிடும். எனக்கு இது இருமுறை நடந்திருக்கிறது, இரண்டாவது முறை கிறிஸ்துமஸ் அன்று.

"ட்ரோக்கன்னு வாங்கினேன், இனிக்குதே?"

லேபிளை வாசிப்பதில் வந்த பிசகாக இருக்கலாம். கடைசியில் சட்டத்தின் பிசகு அது. 1971ஆம் வருட ஒயின் சட்டம், பறிக்கும்போது திராட்சையில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதை வைத்துப் படிகளை வகுத்தது: கபினெட், ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே என்று மேலே போகும். அது கொடியில் இருந்த சர்க்கரை. புட்டியில் எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு கணக்கு. 'ஷ்பேட்லேசே' என்று மட்டும் போட்டிருந்தால் அநேகமாக இனிப்பு, 'ஷ்பேட்லேசே ட்ரோக்கன்' என்று போட்டிருந்தால் இனிப்பில்லாதது. ஒரே பண்ணை, ஒரே தோட்டம், ஒரே வருடம், ஒரே லேபிள், ஒரு சொல்தான் வித்தியாசம். யாருக்குத்தான் குழம்பாது?

ட்ரோக்கன் என்ற சொல்லே இல்லாவிட்டால் ஆல்கஹாலைப் பாருங்கள், லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 12 சதவீதம், அதற்கு மேல் என்றால் சர்க்கரை அனேகமாக முழுக்க நொதித்துத் தீர்ந்துவிட்டது. 8, 9 சதவீதம் என்றால் நொதிப்பை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள், மிச்சச் சர்க்கரை உள்ளே இருக்கிறது, இனிக்கும். கடையில் நின்று யோசிக்கும்போது இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

ட்ரோக்கன் என்று எழுதியிருந்தும் இனிப்பு மாதிரித் தெரிந்தால் அதற்கும் இடம் இருக்கிறது. சட்டப்படி ட்ரோக்கனில் லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை இருக்கலாம். அமிலம் போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை அனுமதி உண்டு, அமிலத்தைவிடச் சர்க்கரை 2 கிராமுக்கு மேல் கூடக் கூடாது என்பது நிபந்தனை. 8 கிராம் சர்க்கரைக்கு 6 கிராம் அமிலமாவது வேண்டும். அந்த 8 கிராம் வெறும் வாயில் தித்திப்பாகத் தெரியாது, ஒரு வழவழப்பாகத் தெரியும். எலும்பு காய்ந்த மாதிரி வேண்டும் என்பவர்கள் கடைக்காரரிடம் மிச்சச் சர்க்கரை எவ்வளவு என்று கேளுங்கள், பல பண்ணைகள் விலைப்பட்டியலிலேயே போட்டிருக்கும்.

ஹால்ப்ட்ரோக்கன் அடுத்த படி: 12 கிராம், அமிலம் இடம் கொடுத்தால் 18 வரை. ஃபைன்ஹெர்பு என்ற சொல்லுக்கு அப்படிக் கட்டான அளவு கிடையாது. கொஞ்சம் இனிப்பு இருக்கிறது, எவ்வளவு என்று கேட்காதே என்று அர்த்தம். ஆனால் சாப்பாட்டு மேசையில் அது பல பேருடைய மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

"மண்ணெண்ணெய் வாடை"

புட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள். ரீஸ்லிங்கில் டி.டி.என். என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு சேர்மம் உண்டு. கொடியில் திராட்சைக் குலை நிறைய வெயில் வாங்கினாலும், புட்டி வருடக்கணக்கில் முதிர்ந்தாலும் அது மேலே வரும். கொஞ்சமாக இருந்தால் முதிர்ந்த ரீஸ்லிங்கின் அடையாளம், அதற்காகவே காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இளம் புட்டியிலேயே பெட்ரோல் பங்க் மாதிரி அடித்தால் எனக்கும் பிடிக்காது, ஆனால் அதைக் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. கொழுப்பான வாத்து, பன்றி வறுவல், வெண்ணெயில் வதக்கிய காளான் இவற்றோடு வைத்தால் அந்த வாடை பின்னுக்குப் போய்விடும்.

வேறு வாடை என்றால் கணக்கு மாறும். ஈர அட்டை, மூடிக் கிடந்த நிலவறை, நனைந்த நாய் மாதிரி இருந்தால் தக்கைக் கோளாறு. டி.சி.ஏ. என்ற பொருள் தக்கை வழியாக இறங்கியிருக்கிறது. காற்று படப்பட அதிகமாகத்தான் தெரியும், மருந்து கிடையாது. திருப்பிக் கொடுங்கள், கூச்சப்பட வேண்டாம். இன்று ஜெர்மனியில் நல்ல பண்ணைகள் பலவும் திருகுமூடிக்கு மாறியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கிழித்த தீக்குச்சி, அல்லது முட்டை அவித்த தண்ணீர் மாதிரி இருந்தால் கந்தகம் சார்ந்த வாடை. ஜாடியில் ஊற்றி வேகமாகச் சுழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள், தீக்குச்சி பெரும்பாலும் ஓடிவிடும். பாச்சை உருண்டையும் தரை மெழுகும் கலந்த மாதிரி ஒரு வாடை, வறட்சி வருடத்து ஒயினில் சில சமயம் வரும். அது கொடி தாகத்தில் தவித்ததன் விளைவு, சுழற்றினாலும் போகாது. நிறம் பழுப்பேறி, வெட்டி வைத்த ஆப்பிள் மாதிரி மணந்தால் காற்று புகுந்து ஒயின் செத்துவிட்டது.

"அடியில கண்ணாடித் தூள்!"

இல்லை, ஒயின் கல். ஜெர்மனில் வைன்ஷ்டைன். ஒயினில் இயல்பாக உள்ள டார்டாரிக் அமிலமும் பொட்டாசியமும் சேர்ந்து குளிரில் படிகமாகிவிடும். பேக்கிங் கடைகளில் கிரீம் ஆஃப் டார்டார் என்று விற்பது இதன் சுத்தம் செய்த வடிவம்தான். விரலில் எடுத்துத் தேய்த்தால் கண்ணாடி போலக் கீறாது, கடித்தால் நறுநறுவென்று புளிக்கும். புட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு கடைசி ஒரு மடக்கை மட்டும் ஊற்றாமல் விடுங்கள்.

இளம் ட்ரோக்கனில் கிளாஸின் சுவரில் ஒட்டும் சின்னக் குமிழ்களும் அப்படித்தான். நொதிக்கும்போது உண்டான கரியமில வாயு கொஞ்சம் தங்கியிருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் சுழற்றி வெளியேற்றுங்கள்.

"ஷ்பார்கலோட குடிச்சா கசக்குது"

ஜெர்மனியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை, அதாவது புனித யோவான் நாள் வரை, ஷ்பார்கல் என்கிற வெள்ளைத் தண்ணீர்விட்டான் தளிருக்கு (ஆஸ்பராகஸ்) ஊரே பைத்தியம் பிடித்து அலையும். சந்தையில் அதற்கென்று தனிப் பந்தல், உணவகத்தில் தனி மெனு. அதற்கு ஜோடி ட்ரோக்கன் வெள்ளை ஒயின் என்பது பரம்பரை வழக்கம். ஆனால் ரீஸ்லிங்கை ஊற்றி ஏமாந்தவர்கள் ஏராளம். ஷ்பார்கலில் கந்தகம் சார்ந்த பொருள்களும் ஒரு மெல்லிய கசப்பும் இருக்கின்றன. கூர்மையான ரீஸ்லிங் அந்தக் கசப்பைப் பிடித்து இழுத்து, வாயில் ஓர் உலோக ருசியை விட்டுப் போகும்.

இதைச் சரிசெய்ய இரண்டு இடத்தில் கை வைக்கலாம். முதல் இடம் சமையலறை. தோலைத் தாராளமாகச் சீவுங்கள், மொட்டுக்குக் கீழே தொடங்கி அடிவரை. அடியில் கட்டையாக இருக்கும் இரண்டு விரல் நீளத்தை வெட்டி எறியுங்கள், கசப்பு பெரும்பாலும் அங்கேதான். வேகும் தண்ணீரில் உப்போடு ஒரு துண்டு வெண்ணெயும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போடுவார்கள். சர்க்கரை கசப்புக்கு, சிட்டிகைக்கு மேல் போனால் ஒயின் பழிவாங்கும். தட்டில் உருக்கிய வெண்ணெயோ, முட்டை மஞ்சள் கருவில் அடித்த ஹொலண்டேஸ் சாஸோ தாராளமாக. சாஸில் பிழிந்த எலுமிச்சை ஒயினுக்கு ஒரு பாலம். பக்கத்தில் உப்புப் பன்றித் தொடை இறைச்சியின் மெல்லிய சீவல்கள் இரண்டு இருந்தால் உப்பும் கொழுப்பும் சேர்ந்து வந்துவிடும்.

இரண்டாவது இடம் புட்டி. சில்வானரை எடுங்கள். ஃபிராங்கன் பகுதியில், காஸ்டல் என்ற சிற்றூரில் 1659இல் ஜெர்மனியின் முதல் சில்வானர் கொடிகளை நட்டதாகப் பதிவு இருக்கிறது. வூர்ஸ்பர்க் சுற்றுவட்டாரத்தில் சப்பை வயிறு கொண்ட பாக்ஸ்பாய்ட்டல் புட்டியில் இன்றும் வரும். புளிப்பு மட்டு, பழ மணமும் மட்டு, மண்ணும் மூலிகையும் கலந்த ஒரு நிதானம். தனியாகக் குடித்தால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும், ஷ்பார்கலுக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் அடக்கம் எதற்கு என்று புரியும். பச்சை ஷ்பார்கலை வாணலியில் வதக்கினால் மட்டும் வேறு கதை. கருகிய ஓரங்களுக்கு கிரௌபுர்குண்டர் நன்றாகப் போகும்.

எங்கள் வைன்ஷ்டூபேயில் மே மாதம் ரீஸ்லிங் புட்டிகள்தான் அதிகம் திரும்பி வரும். முதலாளியம்மா மே முதல் வாரத்திலேயே சில்வானரை பட்டியலின் தலைக்கு ஏற்றிவிடுவார், அதோடு பாதித் தலைவலி தீர்ந்துவிடும்.

"மீன் சாப்பிட்டதும் வாயில துரு"

மீனுக்கு வெள்ளை ஒயின் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ட்ரவுட், ட்ஸாண்டர் மாதிரி வெள்ளைச் சதை மீனை வெண்ணெயில் பொரித்து எலுமிச்சையோடு வைத்தால் ட்ரோக்கன் ரீஸ்லிங்குக்கு அதைவிட நல்ல சம்பந்தம் கிடையாது. எண்ணெய் மீனில்தான் வில்லங்கம். ஒயினில் நுண்ணளவு இரும்பு உண்டு, அது மீனின் கொழுப்போடு வினைபுரிந்தால் கவிச்சை எழும்பும். மீன் எவ்வளவு பழையதோ அவ்வளவு மோசம். எலுமிச்சையைக் கூடுதலாகப் பிழிந்து பாருங்கள், கொஞ்சம் அடங்கும். வடகடல் பக்கத்து உப்பு ஹெர்ரிங் மீனான மாட்ஜெஸை வெங்காயத்தோடு சாப்பிடுகிறீர்கள் என்றால் பீர் குடியுங்கள். அங்கே ஒயினை நுழைப்பது வீண் பிடிவாதம்.

"காரத்துல தீயா எரியுது"

ஜெர்மனியில் இருக்கிற நம் வீடுகளில் கேட்கிற புகார் இது. கோழிப் பிரட்டல், பக்கத்தில் யாரோ அன்பளிப்பாகக் கொண்டுவந்த 13 சதவீத குரோசஸ் கெவெக்ஸ். "அண்ணா, இவ்வளவு விலைன்னு சொன்னீங்க, தொண்டை எரியுதே?" மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் ஊதிவிடும், அமிலம் அதில் உப்பைத் தடவும். சர்க்கரை ஒரு சொட்டு கூடக் காப்பாற்ற வராது. கொடுத்தவர் போனதும் அந்தப் புட்டியை மூடி வையுங்கள், மறுநாள் மீன் பொரிக்கும்போது திறக்கலாம்.

காரச் சாப்பாட்டுக்கு 8, 9 சதவீத கபினெட், அல்லது 11 சதவீதத்துக்குள் ஒரு ஃபைன்ஹெர்பு, 7, 8 டிகிரிக்குக் குளிரவைத்து. இங்கே அதிகக் குளிர் தோழன். ட்ரோக்கன்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் சாப்பாட்டை மாற்றுங்கள்: மிளகாய் இல்லாத மெதுவடை சுடச்சுட, உப்பு கொஞ்சம் தூக்கலாக, சட்னி இல்லாமல். எண்ணெயும் உப்பும் மொறுமொறுப்பும் இருக்கிற எதோடும் ரீஸ்லிங் கூடி வாழும். தேங்காய்ப்பால் சொதியும் சரியாகப் போகும், பச்சை மிளகாயைக் கீறாமல் போட்டால்.

"சீஸ் தட்டோட ஒட்டவே இல்ல"

பிசுபிசுவென்று பழுத்த காமம்பேர் மாதிரி மென் சீஸ் அமோனியா மணக்கும்போது ட்ரோக்கன் கசந்துவிடும். இளம் சீஸ், கெட்டியான மலைச் சீஸ், ஆட்டுப்பால் சீஸ் என்று மாற்றுங்கள். மைன்ஸ்காரர்கள் ஷ்புண்டகேஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: தயிர்ப் பதத்துச் சீஸில் வெங்காயம், மிளகுப்பொடி கலந்து, உப்பு பிரெட்ஸலால் வழித்துச் சாப்பிடுவது. பொறுக்கி எடுத்த மாதிரி ஒயினுக்குப் பொருந்தும். வினிகர் ஊற்றிப் பச்சை வெங்காயம் போட்ட ஹாண்ட்கேஸ் என்ற சீஸுக்கு மட்டும் ஊரிலேயே இரண்டு கட்சி உண்டு. வினிகர் ஒயினைவிடப் புளிப்பு என்பதால் ரீஸ்லிங் தோற்காது என்பது என் கட்சி, ஆப்பிள் ஒயின்தான் என்பது ஃபிராங்க்ஃபர்ட் கட்சி.

"நேத்துத் திறந்தது, இன்னைக்கு வேற ஆளா இருக்கு"

மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ட்ரோக்கன் ரீஸ்லிங் மூன்று நான்கு நாள் தாங்கும், அந்த அமிலமே அதற்குக் காவல். சில முரட்டு இளம் புட்டிகள் இரண்டாம் நாள்தான் நல்லபடியாகப் பேசும். பாதிக்கு மேல் காலியான புட்டியில் காற்று அதிகம், ஆகவே மிச்சத்தைச் சின்னப் புட்டிக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். ஐந்தாம் நாளைக்கு மேல் மணம் தளர்ந்திருந்தால் மசல் சிப்பி வேகவைக்கவோ, சாவர்க்ராவுட் என்ற புளித்த முட்டைக்கோஸ் கிளறும்போது ஊற்றவோ வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் வாக்கில், குடிக்க முடியும், ஆனால் மனசு இல்லை என்ற கட்டத்தில் ப்ஃபால்ஸ்காரர்களின் வழி ஒன்று இருக்கிறது. பக்கமெல்லாம் குழி குழியாக இருக்கும் அரை லிட்டர் டுபெகிளாஸ், கொழுப்புக் கை வழுக்கக் கூடாது என்று கசாப்புக்காரர்கள் கண்டுபிடித்தது என்பார்கள். அதில் மிஞ்சிய ரீஸ்லிங்கை ஊற்றி, மேலே நல்ல காரமான சோடாத் தண்ணீரை நிரப்பி, ஷோர்லே என்று பெயர் வைத்துக் கை மாற்றிக் கை மாற்றி மேசையைச் சுற்றி அனுப்புவார்கள். அதற்கு டிகிரி கணக்கு இல்லை, கிளாஸ் கணக்கு இல்லை, சாஸேஜ் தட்டு எதுவானாலும் சரி.